பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

நேற்று வரை ஒழுங்காக உழைத்து வந்த மடிக்கணினி அது. காலையில் மின்சாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் பிற்பகல் வரை கவலை கிடையாது. இரவு படுக்கப் போகும் சமயத்தில் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய இயங்குதளம் தயாராக இருக்கிறது, ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. உடையவர் சரி என்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு உறங்கப் போனார். விடிந்ததும் திரையில் புது வண்ணம், புது மெருகு! எல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஐந்து மணி நேரம் தாங்கி வந்த பாட்டரி அன்றைக்கு நாலு மணி நேரத்திலேயே கண்ணை மூடிவிட்டது.

உடனே தீர்ப்புகள் கிளம்பிவிடுகின்றன. "பாட்டரி போய்விட்டது, புதிதாக வாங்கிப் போடுங்கள்" என்கிறார் அடுத்த மேஜைக்காரர். "புதிய பதிப்புதான் பாட்டரியைத் தின்றுவிட்டது. அதை ஏற்றியதே தப்பு" என்கிறார் இன்னொருவர். "எல்லாம் கம்பெனிக்காரர்களின் சூழ்ச்சி. பழைய யந்திரத்தை எறிய வைத்துப் புதியதை விற்கிற தந்திரம்" என்கிறார் மூன்றாமவர். மூவரில் ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் தீர்ப்பு மட்டும் தயார்!

இது வேடிக்கையான விஷயமல்ல. முதல் தீர்ப்பை நம்புகிறவர் தேவையில்லாத ஒரு பாட்டரிக்குப் பல ஆயிரம் ரூபாய் அழுகிறார். இரண்டாவதை நம்புகிறவர் இனி எந்த மேம்பாடும் வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறார். பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தக் கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்பதை அவர் மறந்துவிடுகிறார். மூன்றாவதை நம்புகிறவர் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய யந்திரத்தைக் குப்பைக்கு அனுப்புகிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றால், அது காக்கையின் குற்றமா, பழத்தின் பருவமா என்று விசாரிக்க வேண்டாமா?

ஒரே நோய்க்குறி, இரண்டு நோய்கள்

கணக்கு எளியதுதான். பாட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்று அளக்கிறார்கள். 50 வாட்-மணி கொள்ளளவு உள்ள பாட்டரியை எடுத்துக்கொள்வோம். யந்திரம் 10 வாட் வீதம் மின்சாரம் குடித்தால் அது ஐந்து மணி நேரம் தாங்கும்.

புதிய இயங்குதளம் காரணமாக யந்திரம் 12.5 வாட் குடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? நாலு மணி நேரந்தான் வரும். இரண்டரை வாட் என்பது ஒரு சிறு இரவு விளக்குக்கு ஆகும் மின்சாரம். அந்த அற்ப அளவே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது.

இனி மற்றொரு கணக்கு. யந்திரம் அதே 10 வாட்தான் குடிக்கிறது. ஆனால் பாட்டரி மூப்படைந்து, 50 வாட்-மணி கொண்டிருந்தது இப்போது 40 வாட்-மணிதான் கொள்கிறது. அப்போதும் நாலு மணி நேரந்தான்!

வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே. உள்ளே இருக்கும் நோய்கள் வேறு வேறு. குடத்தில் ஓட்டை விழுந்ததா, குடமே சிறுத்துவிட்டதா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாட்டரி இப்போது எவ்வளவு கொள்கிறது, யந்திரம் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்ற இரண்டு எண்களையும் பார்த்தால்தான் தெரியும். இந்த இரண்டு எண்களும் பெரும்பாலான மடிக்கணினிகளுக்குள்ளேயே இருக்கின்றன. கேட்பார்தான் இல்லை.

லிதியம்-அயன் பாட்டரி மூப்படைவது இயற்கை. 1991ஆம் ஆண்டில் சோனி ஸ்தாபனம் அதைக் கடைச்சரக்காக்கியது. அதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெருமை வாய்ந்த பாட்டரியும் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. உஷ்ணத்தில் இன்னும் வேகமாகத் தேய்கிறது. உபயோகிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாலும் அதற்கு வயதாகிறது.

புதுக் கணக்குப்பிள்ளை

இயங்குதளம் என்பது யந்திரத்தின் கணக்குப்பிள்ளை மாதிரி. எந்த வேலை எப்போது நடக்கவேண்டும், எது தூங்கவேண்டும், எது விழித்திருக்கவேண்டும் என்று பார்ப்பது அதன் பொறுப்பு. புதுக் கணக்குப்பிள்ளை வந்து சேர்ந்தால் முதல் சில நாட்கள் வீடு அமளிப்படும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, புதிதாக ஜாபிதா எழுதுவார். விளக்கு அணையாது.

மடிக்கணினியிலும் இதே கதைதான். கோப்புகளைத் தேடிக் கொடுப்பதற்கான அட்டவணையைப் புதிய இயங்குதளம் மறுபடி எழுதுகிறது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்துகிறது. பாக்கியிருக்கும் திருத்தங்களை இணையத்திலிருந்து இறக்குகிறது. இந்த வேலை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முடிந்துவிடும். அதற்குள் பாட்டரியைப் பழிப்பது அவசரம்.

இன்னொன்றும் உண்டு. பழைய கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிவைத்த வழக்கங்கள் புதியவருக்குத் தெரியாமல் போகலாம். திரை வெளிச்சம், தூங்கும் நேரம், சிக்கன முறை ஆகிய அமைப்புகள் சில சமயம் ஆரம்ப நிலைக்கே திரும்பிவிடுகின்றன. அவற்றைச் சரிப்படுத்த ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடாமல் ஐயாயிரம் ரூபாயைச் செலவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

உண்மை சொன்னவர் மீது பழி

இந்த விவகாரத்தில் நிரபராதி மீது பழி விழுந்ததற்கு நல்ல உதாரணம் 2010ஆம் ஆண்டில் கிடைத்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்தாபனம் 2009 அக்டோபரில் விண்டோஸ் 7ஐ வெளியிட்டது. பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறிய பலருடைய திரையில், பாட்டரியை மாற்ற யோசிக்கவும் என்ற எச்சரிக்கை தோன்றியது. நேற்று வரை எச்சரிக்கை இல்லை, இன்று வந்துவிட்டது! விண்டோஸ் 7 பாட்டரிகளைக் கெடுக்கிறது என்று ஒரே கூக்குரல்.

விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி 2010 பிப்ரவரியில் விரிவாகப் பதில் எழுதினார். பாட்டரிக்குள்ளே இருக்கும் சிறு மின்சுற்று, தான் தயாரானபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்ற இரண்டு எண்களையும் சொல்கிறது. கொள்ளளவு ஆரம்பத்தில் இருந்ததில் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி விண்டோஸ் 7இல் புதிதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். முந்தைய பதிப்புகளில் அந்த ஏற்பாடு கிடையாது. பாட்டரி முன்பே தேய்ந்திருந்தது, இப்போதுதான் யாரோ ஒருவர் அதை எடுத்துச் சொன்னார் என்பதே அவருடைய பதிலின் சாரம்.

எல்லோரும் அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அதிலுள்ள பாடம் தெளிவு. பத்தாயத்தில் நெல் இல்லை என்று புதுக் கணக்குப்பிள்ளை எழுதினால், நெல்லைத் தின்றவர் அவர்தான் என்று சொல்லிவிடலாகாது.

அளந்து பிடித்த குற்றவாளி

அப்படியானால் புதிய பதிப்புகள் எப்போதுமே நிரபராதிகளா? அதுவும் இல்லை. அடுத்த ஆண்டே அதற்குச் சான்று கிடைத்தது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான 2.6.38ஆம் பதிப்பு 2011 மார்ச்சில் வந்தது. ஏப்ரலில் வெளியான உபுண்டு 11.04 அதைத் தாங்கி வந்தது. மாறியவர்களில் பலர், மடிக்கணினி சூடாகிறது, பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று முறையிட்டார்கள். ஃபோரோனிக்ஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தை நடத்தும் மைக்கேல் லாராபெல், வாதாடிக்கொண்டிருக்காமல் அளக்கத் தொடங்கினார். மின்சார மீட்டரை வைத்துக்கொண்டு, நடுவில் செய்யப்பட்ட மாறுதல்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, குற்றம் செய்த ஒரே ஒரு மாறுதலை அந்த ஆண்டு ஜூனில் கண்டுபிடித்தார்.

அந்த மாறுதல் என்ன? கணினிக்குள் நெட்வொர்க் அட்டை முதலிய பாகங்களை இணைக்கும் பாதைகள், வேலை இல்லாதபோது தூங்கி மின்சாரத்தை மிச்சப்படுத்தும். சில யந்திரங்களில் பயாஸ் என்னும் அடிப்படை நிரல், அந்தத் தூக்கத்துக்கு வசதி இல்லை என்று ஏட்டில் எழுதிவிட்டு, நடைமுறையில் தானே பாகங்களைத் தூங்கவும் வைத்திருந்தது. புதிய லினக்ஸ் ஏட்டை நம்பி, தூங்கிக்கொண்டிருந்தவற்றையும் எழுப்பிவிட்டது. நல்ல எண்ணத்தோடு செய்த காரியந்தான். ஆனால் பாட்டரி அழுதது!

மாத்யூ காரெட் என்ற நிபுணர் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். பயாஸ் அவ்வாறு எழுதியிருந்தால், அது ஏற்கெனவே செய்துவைத்த ஏற்பாட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே விண்டோஸின் வழக்கம் என்று கண்டார். லினக்ஸும் அப்படியே நடந்துகொள்ளும்படி 2011 நவம்பரில் ஒரு திருத்தம் எழுதினார். அது 2012இன் ஆரம்ப மாதங்களில் வந்த பதிப்புகளில் சேர்ந்தது. நோய் வந்ததற்கும் மருந்து பரவியதற்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு!

மற்றொரு வழக்கு விரைவில் முடிந்தது. ஆப்பிள் ஸ்தாபனம் 2022 ஜனவரி 26ஆம் தேதி மான்டரே 12.2 என்ற பதிப்பை மேக் கணினிகளுக்கு வெளியிட்டது. இரவில் மூடிவைத்த மடிக்கணினி காலையில் பாட்டரி வற்றிக் கிடக்கிறது என்று புகார்கள் வந்தன. கம்பியில்லாத மவுஸ், காதுக்கருவி போன்ற புளூடூத் சாதனங்கள் இணைந்திருந்தால், இன்டெல் மேக் கணினிகளில் தூக்கத்திலும் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. பிப்ரவரி 10ஆம் தேதி 12.2.1 வெளிவந்தது. அந்தக் குறையைத் தீர்க்கவே அது வந்திருப்பதாக ஆப்பிளின் குறிப்பு வெளிப்படையாகச் சொன்னது. பதினைந்தே நாளில் குற்றமும் ஒப்புக்கொள்ளப்பட்டது, பரிகாரமும் வந்தது.

மௌனமே குற்றம்

மனிதர் எழுதும் நிரலில் பிழை நேரும். அதற்காக யாரையும் தூக்கில் போட முடியாது. பிழையைவிடப் பெரிய தீமை மௌனம். மடிக்கணினியின் தம்பியான கைப்பேசியின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது.

ஐபோன்களுக்கு 2017 ஜனவரியில் ஒரு மேம்பாடு வந்தது. பாட்டரி மூப்படைந்த போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருப்பதற்காக, அது போனின் வேகத்தைக் குறைத்தது. நோக்கம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் உடையவர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது, இனிப் புதியது வாங்கவேண்டியதுதான் என்று அவர்கள் நினைத்தார்கள். புது பாட்டரி போட்டாலே பழைய வேகம் திரும்பிவிடும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த ஆண்டு டிசம்பரில் உண்மை வெளிவந்தது. ஆப்பிள் மன்னிப்புக் கோரியது. பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. விஷயத்தைச் சொல்லாமல் விட்டதற்காக 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் 25 மில்லியன் யூரோ அபராதம் விதித்தார்கள். இதற்கிடையே, 2018இல் வந்த ஒரு மேம்பாட்டின் மூலம், பாட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று போனிலேயே பார்க்கும் வசதி ஏற்பட்டது. பின்னால் சொல்ல முடிந்ததை முன்னாலேயே சொல்லியிருந்தால், சூழ்ச்சி என்ற பேச்சுக்கே இடம் இருந்திராது.

பத்து நாள் கெடு

மேம்பாடு பிடிக்காவிட்டால் ஏற்றாமல் இருந்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அது அவ்வளவு சுலபமல்ல. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமானால் புதிய பதிப்புக்குப் போகவேண்டும், அல்லது நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஆகவே மேம்பாடு என்பது உடையவரின் விருப்பம் என்ற நிலை மாறி, கட்டாயம் என்ற நிலையை நெருங்கிவிட்டது. கட்டாயப்படுத்துகிறவருக்குக் கடமையும் அதிகம் அல்லவா?

விண்டோஸ் 11க்கு மாறியவர், பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப 10 நாள் அவகாசம் பெறுகிறார். பிறகு பழைய கோப்புகள் அகற்றப்பட்டுவிடும். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது இந்த அவகாசம் ஒரு மாதமாக இருந்தது. 2016இல் அது 10 நாளாகச் சுருங்கியது. கெடு முடிவதற்குள் ஒரு கட்டளையிட்டு 60 நாள் வரை நீட்டிக்க வழி உண்டு. ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரிந்தவருக்கே அது பயன்படும். மேக் கணினியிலோ, பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துப் பழையதை மறுபடி ஏற்றித்தான் திரும்ப முடியும்.

புதுக் கணக்குப்பிள்ளை ஜாபிதா எழுதி முடிக்கவே சில நாள் ஆகிறது. விரைவில் தீர்ந்த மேக் வழக்குக்கே 15 நாள் பிடித்தது. லினக்ஸ் வழக்குக்கு ஓர் ஆண்டு. அப்படியிருக்க, 10 நாளில் உடையவர் எதைக் கண்டுபிடித்து, எதை முடிவு செய்வார்? முன்பு இருந்த ஒரு மாத அவகாசத்தையாவது எல்லோருக்கும் தெரியும்படி திருப்பித் தருவதே நியாயம்.

இன்னும் இரண்டு காரியங்களைக் கம்பெனிகள் செய்ய வேண்டும். மேம்பாட்டை ஏற்றலாமா என்று கேட்கும் அதே திரையில், பாட்டரி இப்போது இத்தனை சதவீதம் கொள்கிறது என்று ஒரு வரி காட்ட வேண்டும். எண் யந்திரத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு வரி இருந்தால் பிறகு வரும் சண்டைகளில் பாதி எழாது. இரண்டாவது, பாட்டரியை ஒட்டுப்பசை போட்டு ஒட்டிவிடாமல், உடையவரே மாற்றத்தக்கதாக வைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய பாட்டரிச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, கருவிகளில் உள்ள பாட்டரிகளுக்கு இதையே விதித்து, 2027 பிப்ரவரி 18ஆம் தேதியைக் கெடுவாக வைத்திருக்கிறது. அங்கே செய்ய முடிந்ததை மற்ற நாடுகளிலும் செய்ய முடியாதா?

உடையவர் செய்யக்கூடியது

கம்பெனிகள் திருந்தும் வரை உடையவர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மேம்பாட்டை ஏற்றுவதற்கு முன்பே கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு, பாட்டரியின் தற்போதைய கொள்ளளவையும், சாதாரணமாக எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதையும் ஒரு காகிதத்தில் குறித்துவைக்கலாம். விண்டோஸில் பாட்டரி அறிக்கை என்ற ஏடே கிடைக்கிறது. மேக்கில் பாட்டரியின் நிலையும் ஏற்றி இறக்கிய சுற்றுகளின் எண்ணிக்கையும் தெரிகின்றன. லினக்ஸில் 'பவர்டாப்' என்ற கருவி, எது எவ்வளவு குடிக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஏற்றிய பிறகு இரண்டொரு இரவு யந்திரத்தை மின்சாரத்தில் செருகி வைத்து, அது தன் ஜாபிதாவை எழுதி முடிக்க விடவேண்டும். பிறகு திரை வெளிச்சத்தையும் தூங்கும் நேரத்தையும் சரிபார்க்கவேண்டும். எந்த நிரல் அதிகமாகத் தின்கிறது என்ற பட்டியலை அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம். ஒரு வாரம் கழித்துப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். கொள்ளளவு முன்பே குறைந்திருந்தால் குற்றம் பாட்டரியின் வயதில். கொள்ளளவு அப்படியே இருந்து, குடிக்கும் வேகம் மட்டும் கூடியிருந்தால் குற்றம் நிரலில். அப்போது புது பாட்டரி வாங்குவது வீண். புதிய திருத்தங்களையும், யந்திரம் செய்த கம்பெனி வெளியிடும் துணை நிரல்களையும் ஏற்றிப் பார்ப்பதும், புகார் அனுப்புவதுமே வழி. 2011இலும் 2022இலும் பரிகாரம் வந்ததற்குக் காரணம், உடையவர்கள் வாயை மூடிக்கொண்டு சகித்துக்கொள்ளாததுதான்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். சிவந்துபோன பாட்டரிச் சின்னம் கண்ணால் காண்பது. அடுத்த மேஜைக்காரரின் தீர்ப்பு காதால் கேட்பது. விசாரிப்பதற்கு வேண்டிய இரண்டு எண்கள் யந்திரத்துக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் பழக்கம் உடையவருக்கு வரவேண்டும், அவற்றை மறைக்காமல் முன்னால் வைக்கும் நேர்மை கம்பெனிக்கு வரவேண்டும். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் பாட்டரியின் மின்சாரம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.